தனித்து நின்ற தூதர்: மக்கள் தொடர்புத் தொழிலின் வரலாறு

கொட்டகையில் விளக்கணைந்து, வெண்திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கும்போது, நாம் பெரும்பாலும் கதாநாயகரின் பெயரையும் இசையமைப்பாளரின் பெயரையுமே எதிர்நோக்கியிருப்போம். அப்பெயர்களுக்கு நடுவே ‘மக்கள் தொடர்பு’ என்னும் இரு சொற்களும், அவற்றை அடுத்துப் ‘பிலிம் நியூஸ் ஆனந்தன்’ என்னும் பெயரும் தோன்றி மறைந்ததை நம் காலனியின் மூத்தோர் பலர் நினைவுகூர்வர். அவர் நடிக்கவில்லை, பாடவில்லை, படம் பிடிக்கும் கருவியையும் இயக்கவில்லை. அவ்வாறாயின் அவர் செய்த பணிதான் யாது? அப்பணியைத் தனியொருவர் தொழிலாக நடத்திப் பிழைக்க இயலுமா? இயலும் என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாறு இன்று நாம் வாழும் பெங்களூர் மாநகரையும் தொட்டுச் செல்கிறது.

மக்கள் தொடர்பு என்பது இருவழிப் பணி. ஒரு நிறுவனமோ ஓர் அரசோ தனிமனிதரோ செய்வதைச் செய்தித்தாள்கள் வாயிலாகவும் பிற வழிகளிலும் பொதுமக்கள் அறியச் செய்தல் ஒன்று. பொதுமக்கள் தம்மைப் பற்றி என்ன எண்ணுகின்றனர் என்பதை அந்நிறுவனத்தார் அறியச் செய்தல் மற்றொன்று. விளம்பரம் வேறு, இது வேறு. விளம்பரத்துக்குரிய இடம் விலைக்கு வாங்கப்படுகிறது. வாங்கியவர் தாம் விரும்பியதை அதில் எழுதிக்கொள்கிறார். செய்திப் பத்தியிலுள்ள இடமோ விலைக்குரியதன்று. ஆசிரியர் ஏற்றால் உண்டு, மறுத்தால் இல்லை. விலைக்குரியதன்று என்பது முறை. அம்முறை பிறழ்ந்த கதையைப் பின்னர்க் காண்போம்.

இப்பணியைச் சம்பளம் பெறும் அதிகாரியாக இருந்து செய்வோர் உளர். பெரிய ஆலோசனை நிறுவனங்களில் அமர்ந்து செய்வோரும் உளர். இவ்விருவரும் அல்லாமல், தாமே தமக்கு முதலாளியாக நின்று நடத்துவோர் ஒரு சாரார். அவரிடம் எந்திரம் இல்லை, கிடங்கு இல்லை, சரக்கும் இல்லை. அவர் சொல்லும் செய்தி மெய்யாக இருக்கும் என்று ஓர் ஆசிரியர் நம்புகிறாரே, அந்நம்பிக்கையே அவர் போட்ட முதல். அம்முதல் எவ்வாறு ஈட்டப்பட்டது, எவ்வாறு இழக்கப்பட்டது என்பதையே இங்கு ஆராய முற்படுகிறேன்.

நம் இலக்கியத்திலும் இத்தகைய ஒருவரைக் காணலாம். அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. தன் படைக்கலச்சாலையைப் பெருமிதத்துடன் காட்டிய தொண்டைமானிடம், அவனுடைய கருவிகள் மாலையணிந்து, நெய் பூசப்பெற்றுப் பளபளப்பதையும், அதியமானுடைய வேல்களோ போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் அவர் எடுத்துரைத்தார். புகழ்வது போன்றே எச்சரித்த அந்தத் திறம் ஒருபுறமிருக்க, நாம் கருதவேண்டியது மற்றொன்று. ஔவையார் அதியமானின் ஆதரவைப் பெற்றவரே. ஆயினும் அவனுடைய அதிகாரி அல்லர். எந்த வேந்தன் அவைக்கும் செல்லவல்ல புலவர் அவர். ஆதலின் மாற்றானும் அவர் சொல்லைச் செவிமடுத்தான். இதனைக் கொண்டு மக்கள் தொடர்புத் தொழிலைத் தமிழரே கண்டுபிடித்தனர் என்று சாதிக்க நான் முன்வரவில்லை. அத்தகைய சாதிப்புகள் நம்மிடையே ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கின்றன.

கட்டணம் பெற்று நடத்தும் தொழிலாக இஃது உருப்பெற்றது அமெரிக்க நாட்டில். அங்கு இருப்புப்பாதை நிறுவனங்களும் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளும் பெருஞ்செல்வம் திரட்டி, பொதுமக்களின் வெறுப்பையும் உடன் திரட்டிய காலம் அது. ஐவி லீ என்பவர் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கிறித்துவப் போதகரின் மகனாக 1877-இல் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று, நியூயார்க் நாளிதழ்களில் நிருபராக உழைத்தவர். அப்பணியை விடுத்து, ஜார்ஜ் பார்க்கர் என்பவருடன் கூட்டாக ஒரு சிறு நிலையத்தைத் தொடங்கினார். 1906-இல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் அவரை அமர்த்தினர். அப்போது அவர் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தம் பணி மறைவில் நடப்பதன்று என்றும், யார் பொருட்டுத் தாம் பேசுகிறார் என்பதை வெளிப்படையாகக் கூறுவதாகவும், தாம் தருவது விளம்பரப் பகுதிக்கே உரியதென ஆசிரியர் கருதினால் அதனைப் பயன்படுத்த வேண்டா என்றும் அதில் அவர் உறுதியளித்தார். இத்தொழிலின் அடிப்படை ஒழுக்கம் அனைத்தும் அந்தச் சிறு அறிக்கையுள் அடங்கிவிட்டது எனலாம்.

அதே ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள், பென்சில்வேனியா இருப்புப்பாதை நிறுவனத்தின் மின்தொடர் வண்டியொன்று அட்லாண்டிக் சிட்டி நகரருகே பாலத்தினின்று நீரில் கவிழ்ந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். விபத்து நேர்ந்தால் செய்தியை மூடி மறைப்பதே அந்நாளைய இருப்புப்பாதை நிறுவனங்களின் வழக்கம். லீயின் அறிவுரைப்படி அந்நிறுவனம் தானே உண்மைகளைத் தொகுத்துக் குறிப்பாக எழுதி அளித்ததோடு, நிருபர்களையும் விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துச் சென்றது. நியூயார்க் டைம்ஸ் இதழ் அக்குறிப்பை எழுத்துக்கு எழுத்து வெளியிட்டது. இன்று ‘செய்திக் குறிப்பு’ என்று வழங்கும் வடிவத்தின் தொடக்கமாக அதனைப் பலரும் சுட்டுவர்.

எனினும், அதே லீ எட்டு ஆண்டுகளில் அம்முதலைப் பறிகொடுத்தார். 1914 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்து லட்லோ என்னுமிடத்தில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. பெண்டிரும் குழந்தைகளும் மாண்டனர். ராக்பெல்லர் குடும்பத்துக்காக லீ அடுத்தடுத்துத் துண்டறிக்கைகள் வெளியிட்டார். தொழிற்சங்கத் தலைவர்கள் பெற்ற ஊதியம் அவற்றில் பன்மடங்கு பெருக்கிக் காட்டப்பட்டிருந்தது. விசாரணைக் குழுவின்முன் அவர் நிறுத்தப்பட்டபோது, முதலாளிகள் தந்த தகவலைத் தாம் சரிபார்க்கவில்லை என்பது வெளிப்பட்டது. ஐவி என்பது அந்நாட்டில் ஒரு கொடியின் பெயருமாகும். அப்டன் சிங்கிளேர் என்னும் எழுத்தாளர் அவருக்கு ‘நச்சுக்கொடி’ என்று பெயர் சூட்டினார். அப்பெயர் அவரை விட்டு நீங்கவேயில்லை. 1934-இல், நாஜி ஆட்சியின்கீழ் இருந்த ஜெர்மானியச் சாய நிறுவனக் கூட்டமைப்புக்கு ஆலோசகராக இருந்தமை பற்றி அமெரிக்கக் காங்கிரஸ் குழு அவரை வினவியது. அவ்வாண்டு நவம்பரிலேயே அவர் காலமானார். சம்பளம் பெறும் அதிகாரி பொய்யுரைத்தால் கெடுவது நிறுவனத்தின் பெயர். தனித்து நிற்பவர் சரிபாராமல் ஒன்றை உரைத்தாலும் கெடுவது அவருடைய சொந்தப் பெயர். அப்பெயரை விட்டால் அவரிடம் விற்பதற்கு வேறொன்றும் இல்லை.

லீக்குப் பின்வந்த எட்வர்ட் பெர்னேஸ், உளவியல் அறிஞர் பிராய்டின் மருமகன். அவர் 1919-இல் நியூயார்க்கில் அலுவலகம் திறந்தார். அவருடன் இணைந்து பணியாற்றிய டோரிஸ் பிளீஷ்மன் பின்னர் அவருடைய மனைவியும் ஆனார். வழக்கறிஞரைப் போன்று இவரும் தம்மை ‘ஆலோசகர்’ என்று அழைத்துக்கொண்டார். 1923-இல் இத்துறை பற்றி நூலும் எழுதினார். 1929-இல் ஈஸ்டர் திருநாள் ஊர்வலத்தில் மகளிர் சிலரைப் புகைபிடித்து நடக்கச் செய்து, அதனைப் பெண் விடுதலையின் அடையாளம்போலச் செய்தியாக்கியவர் இவரே; கட்டணம் தந்ததோ ஒரு சிகரெட் நிறுவனம். லீ 1906-இல் அளித்த உறுதிமொழிக்கு இஃது எவ்வளவு தொலைவு என்பதை வாசகர் உணர்வர். மருத்துவரைப் போன்று மக்கள் தொடர்பாளரும் அரசின் உரிமம் பெற்றே தொழில் நடத்த வேண்டும் என்று அவர் முதுமையில் விடாது வாதாடினார், அது நிறைவேறவில்லை. 1995-இல், 103-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

நம் நாட்டில் டாட்டா நிறுவனம் 1943-இல் பம்பாயில் மக்கள் தொடர்புப் பிரிவொன்றை அமைத்தது. 1958-இல் இந்திய மக்கள் தொடர்புக் கழகம் தோன்றி, 1966-இல் முறையாகப் பதிவு பெற்றது. 1968 ஏப்ரல் 21-ஆம் நாள் டில்லியில் கூடிய முதல் அனைத்திந்திய மாநாட்டில் தொழில் ஒழுக்க விதிகள் ஏற்கப்பட்டன. அந்நாள் இன்றும் தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆயினும் அக்கழகத்தின் தொடக்ககால உறுப்பினர்களுள் மிகப் பெரும்பாலோர் சம்பளம் பெறும் அதிகாரிகளே. காரணம் எளிது. உரிம ஆட்சி நிலவிய அக்காலத்தில், ஒரு ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். காத்து நிற்கும் மக்களின் மனத்தைக் கவர எந்த முதலாளி பணம் செலவிடுவார்? அவர் கவர வேண்டியிருந்தது டில்லியிலுள்ள அதிகாரியின் மனத்தை மட்டுமே.

அக்காலத்தில் பொதுமக்களின் மனத்தை நாள்தோறும் வென்றாக வேண்டிய தொழில் ஒன்று உண்டெனில், அது திரைப்படத் தொழிலே. படம் வெளியான முதல் வாரத்தில் கொட்டகை நிரம்பாவிடில் போட்ட பணம் போயிற்று. ஆகவே, சம்பளமின்றித் தனித்து நிற்கும் மக்கள் தொடர்பாளர் தமிழரிடையே சென்னைக் கோடம்பாக்கத்தில் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனந்தன் கேமராவும் கையுமாகப் படப்பிடிப்பு நிலையங்களைச் சுற்றிவந்த இளைஞர். ‘பிலிம் நியூஸ்’ என்னும் இதழில் அவர் எடுத்த படங்கள் வெளியாயின; இதழின் பெயரே அவருக்கு அடைமொழியாய் அமைந்துவிட்டது. அந்நாளில் படத்தின் ‘ஸ்டில்’களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தனுப்புதல், தயாரிப்பு நிர்வாகிகளின் சில்லறை வேலைகளுள் ஒன்று. எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து முதன்முதலாக இயக்கிய ‘நாடோடி மன்னன்’ 1958 ஆகஸ்டு 22-இல் வெளியாயிற்று. தம் கைப்பொருள் முழுவதையும் அவர் அப்படத்தில் இட்டிருந்தார். வென்றால் மன்னன், தோற்றால் நாடோடி என்ற பேச்சு அப்போது எங்கும் அடிபட்டது. அப்படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டு சேர்க்கும் பணியை ஆனந்தன் ஏற்றார். படங்கள் பல இதழ்களில் வந்தன. தமிழ்ப் படவுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்னும் இடம் அவருக்கு வாய்த்தது.

இதில் தொழில்முறையைக் கவனியுங்கள். ஒரு படத்துக்கு ஓர் ஏற்பாடு. படம் முடிந்தால் ஏற்பாடும் முடிந்தது. இன்று ஒரு நிறுவனத்தின் படம், நாளை அதற்குப் போட்டியான நிறுவனத்தின் படம். இருவரும் அவரை நம்ப வேண்டும். இருவருடைய படங்களையும் வெளியிடும் பத்திரிகையாளரும் நம்ப வேண்டும். இத்தகைய நிலையில் ஆனந்தன் செய்த ஒரு செயலே அவரை ஏனையோரினின்று வேறுபடுத்திற்று. ஒவ்வொரு தமிழ்ப் படத்தின் பெயர், வெளியான நாள், தயாரித்தவர், இயக்கியவர், நடித்தவர் ஆகிய விவரங்களை அவர் இடையறாது குறித்து வைத்தார். படங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் சேமித்தார். பேசும்படக் காலத்தின் தொடக்கத்தைப் பற்றி ஐயம் எழுந்தாலும் பத்திரிகையாளர் அவரைத்தான் நாடினர். கட்டணம் தருபவரின் செய்தியை மட்டும் சுமந்து செல்பவரை ஆசிரியர் வாயிலில் நிறுத்திப் பேசியனுப்புவார். தமக்கு வேண்டிய உண்மையையும் தரவல்லவரை உள்ளே அழைத்து அமர்த்துவார். அவர் திரட்டியவற்றைப் பின்னாளில் தமிழக அரசு பெற்றுக்கொண்டது. ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ என்னும் அவருடைய நூல் 2004-இல் வெளிவந்தது. 2016 மார்ச் 21-ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார். விளம்பரத்துக்கென வந்த ஒருவர் ஒரு கலையின் வரலாற்றாசிரியராக மறைந்தது, இத்தொழிலில் வேறெங்கும் நான் கேட்டிராத செய்தி.

சென்னையில் இவ்வாறிருக்க, பெங்களூரின் நிலை வேறாக இருந்தது. 1940-இல் தொடங்கிய விமானத் தொழிற்சாலை, 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என நம்மவர் பலரைத் தமிழகத்தினின்று இங்கு ஈர்த்த பெருந்தொழிற்சாலைகள் அனைத்தும் அரசுடைமையாக விளங்கின. அவற்றின் மக்கள் தொடர்பு அதிகாரி சம்பளமும் குடியிருப்பும் ஓய்வூதியமும் உடையவர். மந்திரி வருகையும் ஆண்டு விழாவும் வீட்டு இதழும் அவர் பொறுப்பு. நாளிதழ்களில் பக்கம் பக்கமாக விளம்பரம் தரவல்ல நிறுவனத்தின் அதிகாரியிடம் எந்தப் பத்திரிகையும் முகம் சுளிப்பதில்லை. அவருடைய சொல்லுக்கு மதிப்பிருந்தது. அம்மதிப்பு எதனைச் சார்ந்தது என்பது, அவர் ஓய்வுபெற்ற மறுநாள் தெரிந்துவிடும்.

1991-இல் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. இரண்டே ஆண்டுகளில் நம் நகரம் ஒரு பாடம் கற்றது. 1993 பிப்ரவரியில் இன்போசிஸ் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு ரூ. 95 விலை வைத்து மக்களிடம் வந்தபோது, மக்கள் அதனை முழுமையாக வாங்க முன்வரவில்லை. அமெரிக்க முதலீட்டு நிறுவனமாகிய மார்கன் ஸ்டான்லி கைகொடுத்தது. அதே பங்கு ஜூன் மாதம் சந்தைக்கு வந்தபோது ரூ. 145-இல் தொடங்கிற்று. கண்ணுக்குப் புலனாகும் கடிகாரத்தை விற்ற நகரம், கண்ணுக்குப் புலனாகாத மென்பொருளை விற்கத் தொடங்கியிருந்தது. புலனாகாததை எடுத்துரைக்க ஆள் வேண்டுமன்றோ? 1992-இல் பிரேமா சாகர் டில்லியில் தொடங்கிய ஜெனிசிஸ், அதே ஆண்டில் திலீப் செரியன் முதலானோர் தொடங்கிய பர்பெக்ட் ரிலேஷன்ஸ் போன்ற ஆலோசனை நிறுவனங்கள் வளர்ந்தன. அவற்றில் சில ஆண்டு பயின்றவர்களும், நாளிதழ்ப் பணியை விட்டு வந்தவர்களும், தம் வீட்டு முன்னறையையே அலுவலகமாக்கித் தனித்து நின்றனர். கப்பன் பூங்காவிலுள்ள பிரஸ் கிளப்பில் செய்தியாளர் கூட்டம் நடத்த அறை வாடகை, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட குறிப்பு, காப்பி சிற்றுண்டி, இவற்றுக்குக் கையிலிருந்து செலவிட்டுப் பின்னர்க் கணக்குக் கேட்கும் தொழிலாக அது தொடங்கிற்று.

இனி, முறை பிறழ்ந்த கதைக்கு வருவோம். செய்தியாளர் கூட்டத்தில் குறிப்புடன் ‘கவர்’ ஒன்றையும் நீட்டும் வழக்கம் சில இடங்களில் மெல்ல நுழைந்தது. தேர்தல் காலங்களில் செய்திப் பத்தியே விலைக்கு விற்கப்பட்டதை ஆராய்ந்து, பத்திரிகைக் கவுன்சிலின் துணைக்குழு 2010-இல் விரிவான அறிக்கை அளித்தது. அதே ஆண்டு நவம்பரில், டாட்டா, ரிலையன்ஸ் ஆகிய பெருநிறுவனங்களின் மக்கள் தொடர்பைக் கவனித்துவந்த நீரா ராடியாவின் தொலைபேசி உரையாடல்கள் இதழ்களில் வெளியாயின. வருமான வரித்துறை 2008, 2009-ஆம் ஆண்டுகளில் பதிவு செய்தவை அவை. மந்திரி பதவிகளைப் பற்றியும் பத்திரிகையாளருடன் அவர் பேசியிருந்தார். 2011 அக்டோபர் இறுதியில் அவர் தொழிலை விட்டு விலகினார். அவ்வுரையாடல்களில் குற்றம் எதுவும் காணப்படவில்லை என்று 2022-இல் மத்திய புலனாய்வுத் துறை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நீதிமன்றத்தில் குற்றமில்லை எனினும், லீ 1906-இல் கூறிய ‘மறைவில் நடப்பதன்று’ என்னும் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தபோது, பேசியவரும் கேட்டவருமாகிய இரு திறத்தாருமே நாணவேண்டியிருந்தது. செய்தித்தாள்களின் இடத்தைக் கைப்பேசித் திரைகள் பற்றிக்கொண்ட பின்னரும் அளவுகோல் மாறவில்லை. பணம் பெற்றுப் பரிந்துரைப்போர் அதனை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது.

நம் இல்லங்களிலும் இன்று இத்தொழிலை நாடும் இளைஞர், குறிப்பாகக் குழந்தை வளர்ப்பின் பொருட்டு நிறுவன வேலையை விட்ட மகளிர், இருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு நலம் பிறப்பிலேயே அமைந்திருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என வளர்ந்த பிள்ளைக்கு மூன்று மொழிப் பத்திரிகைகளின் கதவும் திறக்கும். ஆயினும் ஒன்று கூறுவேன்: ஆங்கிலக் குறிப்பைக் கணிப்பொறியிலிட்டு எடுத்த கன்னடத்தை ‘பிரஜாவாணி’ அலுவலகத்துக்கு அனுப்புபவர், அனுப்பாமலே இருந்திருக்கலாம். 1948 முதல் கன்னடத்தில் நாளிதழ் நடத்திவருபவர்களுக்கு, தம் மொழியை ஒருவர் மதித்து எழுதியதற்கும் கடமைக்கு எழுதியதற்கும் வேறுபாடு முதல் வரியிலேயே புலப்பட்டுவிடும்.

வரவு செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கனவைக் கூறிக் கணக்கை மறைப்பது முறையன்று. வாடிக்கையாளர் பெரும்பாலும் மாதக் கட்டணம் பேசுவார். தருகையில் பத்தில் ஒரு பங்கை வருமான வரிக்கெனப் பிடித்துக்கொள்வார். ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்தைக் கடந்தால் சரக்கு-சேவை வரிக்குப் பதிவு செய்து 18 விழுக்காடு வசூலித்துக் கட்ட வேண்டும். பட்டியல் அனுப்பிய மாதத்துக்கு அடுத்த மாதமே வரியைக் கட்டிவிட்டு, வாடிக்கையாளரின் பணத்துக்கு மூன்று மாதம் காத்திருப்பதே தனித்து நிற்போர் பலர் மூச்சுத் திணறும் இடம். இதற்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. சிறு, குறு நிறுவனமாக உத்யம் பதிவு பெற்றவருக்கு 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்களே. தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். முறையீட்டைக் கேட்க மன்றமும் உண்டு. வீட்டிலிருந்தே கணிப்பொறி வழியாக மனு அனுப்பவும் 2017 முதல் வசதி செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் மூவரோ நால்வரோ மட்டுமே உடையவர் அவர்களுள் ஒருவர்மீது மனு அனுப்பத் துணிவதில்லை. ஆதலின் இத்தொழிலில் பழகியோர், முதல் செய்திக் குறிப்பை எழுதுமுன்னரே ஒப்பந்தத்தில் கையொப்பமும் ஒரு மாதக் கட்டணம் முன்பணமும் பெற்றுக்கொள்கின்றனர்.